விடிவெள்ளியின் பங்குப் புயல்

கூரை பறந்து போன பிறகும் நான் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். "பனிமயம், பனிமயம், குருசடித்துறைக் கரையில இருந்து அக்வினா பேசுறேன், காற்று தென்மேற்கு, வேகம் மணிக்கு நூறு, நூற்றிப்பத்து, கடல் பெருங்கொந்தளிப்பு, கிட்டியா" என்று மைக்கை உதட்டோடு அழுத்திக்கொண்டு கேட்டேன். எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் நடுக்கடலில் லூர்தப்பன் மாமா "கிட்டி" என்றார், கிடைத்தது என்று அர்த்தம். அந்த வார்த்தை எங்கள் வீட்டு வயர்லெஸ் செட்டில் வந்து விழுந்த அதே மூச்சில், பனிமயம் படகின் மேல் அடித்துக்கொண்டிருந்த புயல் அங்கிருந்து கழன்று எங்கள் வீட்டுக்குள் இறங்கி, அடுக்களைச் சுவரைத் தள்ளிச் சாய்த்து, அரிசிப் பானையை உருட்டிக்கொண்டு போய், அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கின இரும்பு அலமாரியைக் குப்புறப் போட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் சுள்ளென்று வெயில். கடலுக்குப் போனவர்களின் பெண்டாட்டிமார் வேலியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். பனிமயத்துக்காரிகள் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டு, அழுதுகொண்டே, ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எல்லாப் படகும் பதில் சொல்லியாகிவிட்டது. மிச்சம் இருந்தது விடிவெள்ளி ஒன்றுதான். அதில் இருந்தது என் அண்ணன்.

இது எப்படி நடக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசுகிறவர்களுக்கும் தெரியாது. நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். பள்ளிக்கூடத்தில் இருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது ஒரே ஒரு விஷயம். இந்த மாதிரி வயர்லெஸ்ஸில் பேசினால் சத்தம் நேராகப் போகாது, மேலே போய் வானத்தில் முட்டி, தூரத்தில் எங்கேயோ கடலில் போய் இறங்கும், அதனால் பக்கத்தில் நிற்கிற படகுக்குக் கேட்காது, லட்சத்தீவுக்கு அப்பால் நிற்கிற படகுக்குத் தெளிவாகக் கேட்கும் என்று இயற்பியல் சார் சொன்னார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் எனக்கு உபயோகப்பட்டது. வானம் வரைக்கும் போய் முட்டிவிட்டு வருகிற குரல் அங்கே இருந்து எதையாவது இழுத்துக்கொண்டு வருமோ என்னவோ.

செட்டு எங்கள் வீட்டுக்கு வந்ததற்கும் பெரிய காரணம் கிடையாது. முன்னால் வாசித்துக்கொண்டிருந்தவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார், ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டச் சரியான இடைவெளியில் இரண்டு தென்னை நின்றது எங்கள் முற்றத்தில், சும்மா வீட்டில் இருந்தது நான். ஊர்க் கமிட்டிக்கு அது போதும். போனில் வருகிற ஆங்கில வானிலை அறிக்கையைப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டும், மத்தியானம் ஒவ்வொரு படகாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அந்தப் படகு நிற்கிற இடத்துக் காற்றையும் மழையையும் அலையையும் வாசிக்க வேண்டும், படகு "கிட்டி" என்று சொல்லுகிற வரைக்கும் விடக் கூடாது. பதில் சொல்லாத படகு கேட்காத படகு, கேட்காத படகை விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது. அதுதான் இந்த வேலையின் முதல் சட்டமும் கடைசிச் சட்டமும்.

முதல் தடவை மழைதான் வந்தது. இடியோடு மழை என்று வாசித்தேன், ஒரு படகு கிட்டி என்றது, எங்கள் ஹாலில் மழை பெய்தது. டிவி மேல் பெய்தது, மைனி மடித்து வைத்திருந்த துணி மேல் பெய்தது. அண்ணன் பெண்டாட்டியை நாங்கள் மைனி என்போம். அவள் மொட்டைமாடிக் குழாய் உடைந்துவிட்டது என்று வாளியோடு ஓடி வந்தாள், எங்களுக்கு மொட்டைமாடியே இல்லை என்று அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதே நேரம் அங்கே கடலில், கறுத்துக்கொண்டு வந்த மேகம் தலைக்கு மேலே வந்ததும் காணாமல் போனதாகப் படகில் இருந்தவர்கள் சொன்னார்கள். இப்படிச் சில நாள் நடந்ததும் ஊருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் பழகிவிட்டது. பழகுவதற்கு எங்கள் ஊருக்கு அதிக நேரம் ஆகாது.

காற்று என்று நான் வாசிக்கிற நாளில் பெண்கள் ஈரத் துணியைக் கொண்டுவந்து எங்கள் உத்தரத்தில் கட்டினார்கள், நெத்திலியைக் கோர்த்துத் தொங்கவிட்டார்கள், ஒருத்தி மிளகாயைப் பரப்பிவிட்டுப் போய் அது எல்லார் கண்ணிலும் பறந்து பெரிய சண்டையானது. காற்று குறைவாக இருந்தால் என்னைத்தான் குறை சொன்னார்கள், நானே வீசிவிட வேண்டும் என்பது போல. அலை என்று வாசித்தால் அடுக்களையில் முழங்கால் அளவு உப்புத் தண்ணீர் நிற்கும், பிள்ளைகள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து குதிக்கும், வடிந்த பிறகு அம்மிக்கு அடியில் இறால் கிடக்கும். பக்கத்து வீட்டு பிளாவியா அக்கா தண்ணீர் இறைக்க முறை போட்டாள், தெருவுக்கு ஒரு நாள் என்று. ஃபாதர் குடையோடு வந்து வீட்டை மந்திரித்தார், குடை திருப்பிக்கொண்டு போனது, அவர் அதை மடக்கப் பார்த்துக்கொண்டே ஜெபத்தை முடித்தார். சேதத்தைப் பார்க்க ஒரு அதிகாரி வந்தார், அந்த வட்டாரத்தில் மழையே பெய்யவில்லையே, எப்படி எழுதுவது என்று கேட்டார், சட்டை தொப்பலாக நனைந்து நின்றுகொண்டுதான் கேட்டார், பிறகு எங்களிடமே துண்டு வாங்கித் தலையைத் துவட்டிவிட்டுப் போனார்.

வேறு வழி பார்க்காமல் இல்லை. செட்டைக் கோயில் மண்டபத்தில் வைத்து வாசித்தேன், திருவிழாச் சப்பரம் நனைந்தது, உடனே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கமிட்டித் தலைவர் கிளமென்டின் மகன் என்ஜினியரிங் படித்தவன், அவனை வாசிக்கச் சொன்னார்கள், அவன் அழகாகத்தான் வாசித்தான், படகுகள் கிட்டி என்றன, எந்த வீட்டிலும் ஒரு சொட்டு விழவில்லை, கடலில் இருந்த காற்று கடலிலேயே அடித்தது. ஆக, அது என் குரலுக்குத்தான். வாசித்துவிட்டு எழுந்து ஓடியும் பார்த்திருக்கிறேன். மழை பிளாவியா அக்கா வீட்டுத் திருப்பம் வரைக்கும் என் பின்னாலேயே வந்தது, தெருவில் எல்லாரும் நன்றாகக் காய்ந்து நிற்க நான் மட்டும் நனைந்து நின்றேன், அவமானமாகப் போய்விட்டது, திரும்பி வந்துவிட்டேன்.

இதில் எங்கள் ஊர் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் எச்சரிக்கை வாசித்தால் படகுகள் வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்கிற துறைமுகத்துக்கு ஓடும். இப்போது மற்ற ஊர்ப் படகுகள் ஓடின, எங்கள் ஊர்ப் படகுகள் நின்றன. கிட்டி என்று சொன்னால் காற்று போய்விடுகிறதே, எதற்கு ஓட வேண்டும். ஆளில்லாத கடலில் நின்று மீன் பிடித்து, ஐஸ் பெட்டி நிறைய அள்ளிக்கொண்டு வந்தார்கள், எனக்கு மட்டும் தலையில் துண்டு காயவே இல்லை. எச்சரிக்கைக்கு யாரும் கரை பிடிக்க வேண்டியதில்லை, அக்வினா பார்த்துக்கொள்வாள் என்று கமிட்டி கூடிப் பேசி முடிவே செய்துவிட்டது. என்னைக் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். நானும் சரி என்றேன். ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினால் யாருக்குத்தான் பிடிக்காது.

அண்ணனுக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவன் பெயர் ததேயுஸ், விடிவெள்ளிக்கு ஸ்ராங்கு அவன்தான், படகை ஓட்டுகிறவனும் வேலைக்காரர்களுக்குப் பொறுப்பானவனும். அப்பா அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவன். எச்சரிக்கை என்று காதில் விழுந்தால் அவன் முதல் ஆளாகத் துறைமுகத்துக்கு ஓடி, கயிறு கட்டி, மேலே காற்றில்லாத இடத்தில் நின்றுகொண்டுதான் கிட்டி சொல்லுவான். அங்கே ஒன்றும் அடிக்கவில்லை என்றால் இங்கே ஒன்றும் விழாது. தங்கச்சிக்கு ஜலதோஷம் பிடிச்சிரும்னு ஓடுறான் பாருலே என்று வயர்லெஸ்ஸிலேயே கேலி பண்ணுவார்கள். உங்க அக்கா தங்கச்சி வீட்ல பெய்யட்டும்லே, அப்ப பேசுவோம் என்பான்.

மைனி அதற்குள் மகளைத் தூக்கிக்கொண்டு பிளாவியா அக்கா வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் மழை விழுகிற வீட்டில் நான் பிள்ளை வளர்க்க மாட்டேன் என்றாள். எனக்குக் கோபம்தான். ஆனால் அவள் சொன்னதில் தப்பு இல்லை.

புயல் எச்சரிக்கை வந்த அன்றைக்கு எங்கள் படகுகள் எல்லாம் ஓட முடியாத தூரத்தில் நின்றன. அண்ணன் ஓடியிருப்பான். ஆனால் விடிவெள்ளியின் கியர்பாக்ஸ் முந்தின நாளே உடைந்துவிட்டது. லூர்தப்பன் மாமா தன் பனிமயத்தை அதோடு சேர்த்து, வடம் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். விடிவெள்ளி ஆட்கள் எல்லாரும் பனிமயத்துக்கு ஏறிக்கொண்டார்கள். இழுபட்டு வருகிற படகு தறிகெட்டுத் திரும்பாமல் சுக்கானைப் பிடிக்க ஒருத்தர் வேண்டும். ஸ்ராங்கு நான், நான் நிற்கிறேன் என்று அண்ணன் நின்றுவிட்டான். கூடவே அவனுடைய செட்டும்.

ஊர் முழுக்க எங்கள் வேலியில். கிளமென்ட் வந்து கைகூப்பினார், மக்கா வாசி என்றார். வாசிக்காமல் நான் எங்கே போக. ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டேன், ஒவ்வொரு படகாகக் கிட்டி சொன்னது, ஒவ்வொரு கிட்டிக்கும் ஒரு படகுப் பங்குப் புயல் வீட்டில் வந்து விழுந்தது. ஒன்றுக்கு ஓடு போனது, ஒன்றுக்கு உத்தரம் போனது, ஒன்றுக்குத் தாழ்வாரச் சுவர், ஒன்றுக்கு மாதா படம், ஒன்றுக்குக் கதவு நிலையோடு. நான் மூலையில் செட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசித்தேன். அந்த வீட்டை அண்ணன்தான் கட்டினான், ஒவ்வொரு கல்லும் அவன் சுமந்தது, எது விழுந்தால் எப்படிச் சத்தம் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். நான் மைக்கை அழுத்திப் பேசுகிறபோதெல்லாம் என் குரலுக்குப் பின்னால் அவன் அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

பனிமயம் கிட்டி சொன்னதும் அங்கே நடந்ததை லூர்தப்பன் மாமா வயர்லெஸ்ஸிலேயே சொன்னார், பார்க்கிறதைப் பார்த்தபடி. பனிமயத்தைச் சுற்றிக் கடல் தட்டில் ஊற்றின எண்ணெய் மாதிரி கிடக்கிறது, வெயில் அடிக்கிறது. பின்னால், வடத்தின் மறுமுனையில், கறுப்பாக ஒரு மழைச் சுவர். அதற்குள் விடிவெள்ளி மேலே ஏறுகிறது, கீழே விழுகிறது. வடத்தின் பாதி காய்ந்திருக்கிறது, பாதி நனைந்திருக்கிறது. வடத்தைப் பிடித்துக்கொண்டு நீந்தி வா என்று சொல்லவும் முடியாது, அந்த அலையில் ஒரு மனுஷன் தலை தூக்க முடியாது. அவனுடைய ஆட்கள் எல்லாரும் பனிமயத்தின் பின்முனையில், பின்னணியத்தில் நின்று கையை வாயில் குவித்து, கிட்டி சொல்லுலே, சொல்லுலே என்று கத்துகிறார்கள். மைக்கு அவன் கையில்தான் இருக்கிறது, எனக்குத் தெரிகிறது என்றார் மாமா.

நான் விடிவெள்ளியைக் கூப்பிட்டேன். வாசித்தேன். கிட்டியா என்றேன்.

"அக்கு," என்றான் அண்ணன். "இனி என்ன நிக்குது?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. "நான் சாஞ்சிருக்க சுவரு," என்றேன்.

"அது மட்டுமா?"

"அது மட்டும்தான். நீ சொல்லு. ஒண்ணும் ஆகாது."

அந்தச் சுவருக்கு அன்னைக்கே சிமெண்டு குறைவு என்றான், சிரித்த மாதிரி இருந்தது. நான் மறுபடியும் முழுதாக வாசித்தேன், காற்று, வேகம், அலை, எல்லாம். எனக்குப் பயமாக இருந்தது. முதல் தடவை சொல்லு என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் தடவைதான் சத்தமாகச் சொன்னேன். ஆனால் சொன்னேன். உள்ளுக்குள் அவன் சொல்ல வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை, ஒரு நொடி கூட இல்லை. இதை யார் நம்புகிறார்களோ இல்லையோ.

அப்போதுதான் மைனி வேலியைத் தாண்டி வந்தாள். மகளை பிளாவியா அக்கா கையில் கொடுத்துவிட்டு, வெயிலில் இருந்து நேராக இடிபாட்டுக்குள் நடந்து வந்து, என் பக்கத்தில் அதே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, என் கையில் இருந்து மைக்கைப் பிடுங்கினாள். "ஏங்க, நான்தான். கிட்டின்னு சொல்லுங்க. இவளும் நானும் சேர்ந்து தாங்கிக்கிடுவோம், நீங்க சொல்லுங்க."

அவள் வந்திருக்கக் கூடாது. வேலிக்கு வெளியே நின்றே அவள் அழுதிருந்தால், ஒருவேளை அவன் என்னை நம்பியிருப்பான், நான் எப்படியாவது தப்புவேன் என்று நினைத்திருப்பான், வாயைத் திறந்திருப்பான். அவள் குரல் கேட்டதும் அந்தச் சுவருக்குக் கீழே இரண்டு பேர் இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் மைனியிடம் சொன்னது இல்லை. அவளுக்கே தெரியும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதற்கு அப்புறம் அவள் மைக்கைத் தொடுவதே இல்லை.

பின்னணியத்தில் இருந்து லூர்தப்பன் மாமா பார்த்ததைச் சொன்னார். விடிவெள்ளி அலையில் இறங்குகிறபோதெல்லாம் வடம் இழுத்து, பனிமயத்தைப் பின்பக்கமாக அந்த மழைச் சுவருக்குள் கொண்டுபோகப் பார்த்தது. அண்ணன் மைக்கைக் கழுத்தில் போட்டுக்கொண்டு விடிவெள்ளியின் முன்முனைக்கு, முன்னணியத்துக்கு நடந்து வந்தான், கத்தியை எடுத்தான். மாமா, லே வேண்டாம், லே ததேயு என்று கத்தினது எங்கள் செட்டில் கேட்டது, வேலியில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. பிறகு மாமா வடம் என்று மட்டும் சொன்னார். மழைச் சுவர் பின்னால் நகர்ந்துபோய்ச் சின்னதாகிவிட்டது என்று அரை மணி நேரம் கழித்துச் சொன்னார்.

சுவர் விழவில்லை. நாங்கள் இரண்டு பேரும் இருட்டும் வரை அதில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தோம். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன்.

மற்றப் புயல்கள் எல்லாம் கரைக்கு வரும், வலுவிழக்கும், போகும். இது போகவில்லை. பதில் கிடைக்காததால் அது இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஒரே ஒரு படகின் பங்கு மட்டும், ஒரு தெரு அகலத்துக்குக் கறுத்து, இன்றைக்கும் அதே இடத்தில் நிற்கிறது. தேடிப் போனவர்கள் அதற்குள் நுழைய முடியாமல் திரும்பினார்கள். ஊர் அதற்கும் பழகிவிட்டது. படகுக்காரர்கள் ஜிபிஎஸ்ஸில் அதற்கு ஒரு புள்ளி வைத்து, சுற்றிக்கொண்டு போகிறார்கள். பக்கத்தில் போகும்போது என்ஜினைக் குறைக்கிறார்கள், வேறு ஊர்க்காரர்கள் கூட. லூர்தப்பன் மாமா அண்ணனுக்குப் பிடித்த தேங்காய் பிஸ்கட் பாக்கெட்டை அந்த மழைக்குள் எறிவார், மழை வாங்கிக்கொள்ளும், வெறும் பாக்கெட்டு கூடத் திரும்பி மிதந்து வராது என்கிறார். எச்சரிக்கை என்றால் இப்போது எல்லாப் படகும் துறைமுகத்துக்கு ஓடுகிறது. கயிறு கட்டிய பிறகுதான் கிட்டி சொல்கிறார்கள். யாரும் கேலி பண்ணுவதில்லை. எங்கள் வீட்டில் மழை விழுந்து ரொம்ப நாளாகிறது.

ஊர் சேர்ந்து எங்களுக்குப் புது வீடு கட்டிக் கொடுத்தது. ஒவ்வொரு படகிலும் இருந்து ஆட்கள் வந்து கல் சுமந்தார்கள், கிளமென்ட் கூடச் சட்டியைத் தலையில் தூக்கினார், அந்தப் பழைய சுவரை மட்டும் இடிக்காமல் புதுச் சுவரோடு சேர்த்துப் பூசிவிட்டார்கள். மைனி திரும்பி வந்துவிட்டாள். தென்னை இரண்டும் நிற்கிறது, கம்பி புதுசு.

மத்தியானம் மற்றப் படகுகள் எல்லாம் முடிந்த பிறகு, மகளை பிளாவியா அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மைனி வந்து என் பக்கத்தில் உட்காருவாள். நான் விடிவெள்ளியைக் கூப்பிடுவேன். அந்த இடத்து அறிக்கை மாறவே இல்லை, போனைப் பார்க்கவே வேண்டாம், காற்று தென்மேற்கு, வேகம் நூறு, நூற்றிப்பத்து, கடல் பெருங்கொந்தளிப்பு. கிட்டியா என்பேன். செட்டில் எப்போதும் போல இரைச்சல் இருக்கும். அப்புறம் அங்கே யாரோ மைக்கை அழுத்துவது தெரியும், இரைச்சலுக்கு நடுவே காற்று கேட்கும், எங்கள் ஊர்க் காற்று இல்லை, பெரிய காற்று. மைனி என் கையைப் பிடிப்பாள், அவளுக்கும் கேட்கிறது என்று அர்த்தம்.

அண்ணா, வீடு இப்ப கான்கிரீட்டு என்று சொல்வேன். கம்பி போட்டிருக்கு, தூணு போட்டிருக்கு, லூர்தப்பன் மாமா நின்னு பார்த்துப் போட்ட தூணு. பிள்ளை இங்க இல்ல. நாங்க ரெண்டு பேரும் தூணு ஓரமாத்தான் இருக்கோம். ஒண்ணும் விழாது. ஒரு வார்த்தை சொல்லு.

அவன் கேட்டுக்கொண்டு இருப்பான், நான் முடித்ததும் மறுபடியும் மைக்கை அழுத்துவான். காற்று கேட்கும். பிறகு கையை எடுத்துவிடுவான்.